குடைக்காரிக்குக் கவ்வாத்து

2003 பெப்ரவரி 11, செவ்வாய்
ஹோட்டல் வாசலில் இருக்கும் கடல்தண்ணித் தொட்டி இன்றிலிருந்து என் பொறுப்பு. பார்த்துக்கொண்டிருந்த கொழும்பு ஆள் கொட்டகலைக் குளிர் தாங்காமல் ஓடிவிட்டான். அறை துடைக்கிறவளுக்கு இதெல்லாம் முடியுமா என்று முகம் சுளித்தவர்கள் சுளிக்கட்டும். மனேஜர் பேரின்பநாயகம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “கிருஷாந்தி, ஆறு மாசம் பாப்பம். ஒண்டு செத்தாலும் தொட்டியக் கொழும்புக்கு அனுப்பிப்போடுவன். நீர் திரும்பத் தும்புத்தடி பிடிச்சு அறை கூட்ட வேண்டியதுதான்.”
உள்ளே மூன்று வகைப் பவளம். புத்தகத்துப் பெயர் வாயில் நுழையவில்லை, நானே வைத்துவிட்டேன். விரல் விரலாக ஆடுவது விரல்காரி. குடையாக விரிவது குடைக்காரி. பச்சைக் காசுகளாகப் படர்வது காசுக்காரி.

பெப்ரவரி 16
நடுவில் வெற்றிடம் கிடந்தது கண்ணை உறுத்தியது. தேயிலை மலையில் அப்படி இடம் விட்டால் மேற்பார்வைக்கு வரும் கணக்குப்பிள்ளை சும்மா இருப்பாரா? மூன்றையும் நெருக்கி வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 21
நானே கெடுத்தேன். விரல்காரி கையை நீட்டிக் காசுக்காரியைச் சுட்டுவிட்டாள். ஓரமெல்லாம் வெள்ளை. தேயிலைச் செடி பக்கத்துச் செடியக் கொட்டுமா? இது கொட்டுதே. எனக்கு எப்படித் தெரியும்? — தெரிஞ்சிருக்கணும்.
ஒவ்வொன்றையும் ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

மார்ச் 9
காசுக்காரி பிழைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 27
குடைக்காரி பாதித் தொட்டிக்கு விரிந்துவிட்டாள். அவள் நிழலில் காசுக்காரி வாடுகிறாள். வெட்டத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் நிரஞ்சன் தோட்டத்தில் தேயிலைச் செடி புதிதாகத் துளிர்க்கக் கவ்வாத்து வெட்டுகிறவர், அவரிடம் கேட்டேன்.
“ஒரே வெட்டா வெட்டணும் புள்ள. இழுத்து அறுத்தா அழுகிரும். நான் வந்து வெட்டித் தரவா?”
“வேணாங்க. என் தொட்டி, நான் வெட்டுறேன்.”
மனேஜர் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. “உயிருள்ள சாமான வெட்டுறதோ? செத்தால் என்னட்ட வரக்கூடாது.”

மே 2
கத்தியைக் கொதிதண்ணீரில் கழுவி, குடைக்காரியைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் வைத்து வெட்டினேன். ஒரே வெட்டு. வெட்டிய தலையை ஒரு கல்லில் நூலால் கட்டினேன்.

மே 6
சுருங்கிக் கறுத்துக் கிடக்கிறாள். ஐயா தொட்டிப் பக்கம் திரும்புவதே இல்லை. கொன்னுட்டேனா? பொறுடி கிருஷாந்தி. கவ்வாத்து வெட்டின மலையும் மொட்டையாத்தானே நிக்கும்.

மே 20
துளிர்த்துவிட்டாள். காசுக்காரியும் வெளிச்சத்தில் விரிந்திருக்கிறாள். இன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்
ஆறு மாதக் கெடு முடிந்தது. மூன்றும் உயிரோடு. வெட்டிய தலையும் கல்லைப் பிடித்துக்கொண்டு தனிக் குடையாகிவிட்டது, ஆக நான்கு. ஐயா முதலாளியோடு போனில் பேசியது காதில் விழுந்தது: “எங்கட கிருஷாந்திதான் வெட்டினவ.” எங்கட கிருஷாந்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.
கொழும்பில் கடற்கரையோரம் இருக்கும் முதலாளியின் ஹோட்டலுக்குக் குட்டிக் குடை வேண்டுமாம். அங்குள்ளவர்களுக்கு வளர்க்கத் தெரியாதாம், நான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை ரயில்.
கடலை நான் இதுவரை பார்த்ததில்லை என்று ஐயாவிடம் சொல்லவில்லை.