இரண்டு சீட் வண்டியும் என் இடது காதும்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல், நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நிம்மதி என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, அது உண்மை. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி முடிக்க முடியுமென்றால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் போய் யார் கடிதம் எழுதுவார்கள், ஒரு மெசேஜ் தட்டிவிடலாமே என்று நினைப்பாய். என் கட்டைவிரல் இரண்டு வரிக்கு மேல் தாங்காது, இது இரண்டு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. போனில் பேசலாமே என்றால், அது ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மா கையைப் பற்றி. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன், விரலில் சின்ன அடி என்று அவள் உன்னிடம் சொன்னாளாம். அது பொய். அவள் பாத்ரூமிலும் விழவில்லை, வேறெங்கும் விழவில்லை. கேரேஜில் என் வண்டியின் இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் அவள் இடது கை மாட்டிக்கொண்டது, மாட்டவைத்தது நான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எலும்பு நொறுங்கி, உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவிரல் சரியாகிவிடும், ஆள்காட்டி விரல் இனிமேல் முழுசாக மடங்காது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரிக்கு வலது கை கத்தரிக்கு, இடது கைதான் துணிக்கு என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், அந்தக் கைதான். தையல் மெஷின்மேல் போர்வையைப் போட்டு மூடிவைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன்.

எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன், பாதியில் கோபப்பட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. ரிட்டயர் ஆன வருஷம் அந்தப் பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையிலிருந்து இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான் இழுத்துக்கொண்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். என்னைவிட நாலு வயது சின்னது, எனக்கு மேல் துருப்பிடித்திருந்தது. ரெண்டே ரெண்டு சீட்டு, பொண்ணு வந்தா என்னை டிக்கியிலயா போடுவீங்க என்று அம்மா அன்றைக்கே கேட்டாள். இருந்தாலும் சீட்டுக்கெல்லாம் தோல் வெட்டித் தைத்தது அவள்தான். பாடி வேலை, பெயிண்ட், பிரேக், வயரிங் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்து, போன வருஷக் கடைசியில் இன்ஜின் ஓடியது. மிச்சம் இருந்தது கார்புரேட்டர் டியூனிங் மட்டும். பெட்ரோலோடு காற்றைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் இந்த வண்டிக்கு இரண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்கு மீட்டரெல்லாம் வந்துவிட்டது, ஆனால் நாங்கள் பழைய ஆட்கள் ஒரு முழம் ரப்பர் டியூபை எடுத்து ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் இன்னொன்றைக் காதிலும் வைத்துக் கேட்போம். உஸ்ஸென்று சீறும். இரண்டு சீறலும் ஒன்றுபோல வரும்வரை ஸ்குரூவைத் திருக வேண்டும், அவ்வளவுதான் வித்தை. பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் எனக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர், நீ சின்னப் பிள்ளையாக அங்கே வந்தபோதுகூட காதுக்காரர் பொண்ணு என்று உன்னைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். எந்த சிலிண்டர் சண்டித்தனம் செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைப்பானேன்.

அந்தத் திமிர்தான் காலை வாரியது. முன்பக்கத்துக் கார்புரேட்டர் லேசாகவாவது சீறியது, பின்பக்கத்தில் சத்தமே இல்லை. கழற்றினேன், கழுவினேன், ஜெட் மாற்றினேன், வாஷர் மாற்றினேன். மூன்று மாசம். அம்மா கேரேஜ் கதவில் நின்று, வண்டி நல்லாத்தானே ஓடுது, ஏன் அதை இந்தப் பாடு படுத்துறீங்க என்றாள். உனக்கு ஊசி நூல் தெரியும், இது தெரியாது என்று வாயை அடைத்தேன். கடைசியில், கார்புரேட்டர் காற்றை இழுக்கவில்லை என்றால் கோளாறு இன்ஜினுக்குள்ளேதான் என்று நானே முடிவு கட்டி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை உத்தரத்தில் தொங்குகிற சங்கிலிக் கப்பியில், அதான் செயின் பிளாக்கில், மாட்டித் தூக்கி வெளியே எடுத்துப் பிரித்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. வால்வு எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. குறை எங்கே இருக்கிறது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிரித்ததைப் பூட்டித் திரும்ப உள்ளே இறக்கியது இருபத்தொரு நாளைக்கு முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு. பணிமனைப் பழக்கம் எப்படியென்றால், சங்கிலியை இழுப்பவன் கீழே பார்க்கக் கூடாது, கண் மேலே கொக்கிமேல் இருக்க வேண்டும், கீழே இருப்பவன் இறக்கு என்றால் இறக்க வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். நான் சங்கிலியில், அம்மா குனிந்து போல்ட் துளைக்கு நேராக இன்ஜினைத் தள்ளிக்கொடுக்கிறாள். முதல் தடவை இறக்கும்போதும் அவள்தான் செய்தாள், ஒரு குறையும் வரவில்லை. இந்தத் தடவை அவள் நிறுத்துங்க என்றிருக்கிறாள். நான் இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவும் கத்தியிருக்கிறாள். நான் இன்னும் இரண்டு பிடி இறக்கினேன். யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். திரும்பினால் பக்கத்து வீட்டு பெயிண்டர், காலில் செருப்புகூட இல்லை. அவர்தான் என் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி இன்ஜினைத் தூக்கினார். வாண்டு, அவர் தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர். இரண்டு சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கிறது, நாலடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர்தான் தன் வண்டியில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்ட பிறகு அம்மா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா என்றாள். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். எவ்வளவு நாளா என்றாள். இரண்டு வருஷம் இருக்கும் என்றேன், முதல் தடவையாக ஓர் ஆளிடம் அதைச் சொன்னேன். எதிரில் நின்று பேசுபவரின் வாயைப் பார்த்து முக்கால்வாசி ஊகித்துவிடுவேன், அதனால் கூட இருந்த அவளுக்கே தெரியவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திடீரென்று திரும்பி, அப்போ அன்னைக்கு நம்ம பொண்ணு போன்ல கேட்டதும் உங்களுக்குக் கேக்கலையா என்றாள். எந்த அன்றைக்கு, என்ன கேட்டாள் என்றேன். அம்மா அழுதது அப்போதுதான், கைக்காக அழவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன், வாயைத் தைத்துக்கொள்வேன், இது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உன் கல்யாணத்தில் விருப்பமில்லாமல் ஆறு மாசம் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான், நீ போன் பண்ணினால் ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவிடம் நீட்டியவன். அதே பழக்கம் பின்னால் எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. போனில் உன் குரல் வருவது தெரியும், வார்த்தை தெரியாது. காதுக்காரர் செவிடாகிவிட்டார் என்று ஊர் சிரிப்பதைவிட, கிழவன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் நினைப்பது பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கை நிறைய கிரீஸோடு இருந்தபோது அம்மா போனை என் காதில் வைத்தாள். நீ ஏதோ பேசினாய், நிறையப் பேசினாய். சத்தம் நின்றது. வண்டி எப்படி இருக்கிறது என்று வழக்கமாக விசாரிக்கிறாய் என்று நினைத்து, வழக்கம்போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனை அம்மா பக்கம் தள்ளிவிட்டேன். இங்க எல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா என்று நீ கேட்டாயாம். சத்தியமாக எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெண் என்னிடம் கேட்கவே முடியாத ஒரு கேள்வியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், நான் போனைத் தள்ளிவிட்டிருக்கிறேன். அப்பவே சொன்னேனே, இப்ப அனுபவி என்று அப்பா சொல்லாமல் சொல்கிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவள் வா வா என்று கூப்பிட்டும், அப்பா வாயால சொன்னா வரேன் என்றாயாமே. பிடிவாதத்தில் நீ யாரைக் கொண்டிருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. அந்த நாலு மாசத்தை நீ அங்கே எப்படித் தனியாக ஓட்டினாய் என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்தே உனக்குப் போன் போட்டு விஷயத்தை உடைக்கிறேன் என்றுதான் அம்மா நின்றாள். நானே சொல்கிறேன், அப்பா வாயால் சொன்னால் வருகிறேன் என்றுதானே நம் பெண் சொன்னாள் என்று கெஞ்சி நிறுத்தினேன். நிறுத்தியவன் உடனே எழுதினேனா, அதுவும் இல்லை. தினமும் தாளை எடுத்து வைப்பேன், வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன். இந்த வெட்கம் பிடித்த புத்தியை என்ன செய்வது. நேற்று அம்மா, நாளைக்குள்ள நீங்க எழுதலைன்னா நானே சொல்லிடுவேன் என்று கெடு வைத்துவிட்டாள். கை அடிபட்டதிலிருந்து அவள் கேரேஜ் பக்கமே வரவில்லை, என்னோடு பேசுவதும் தேவைக்கு மட்டும்தான். கேட்கும்படி முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறாள், அது திட்டுவதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

காது டாக்டரிடமும் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பரீட்சை வைத்தார்கள், பெயிலாகிவிட்டேன். பணிமனைச் சத்தம் இத்தனை வருஷத்தில் தின்றுவிட்டதாம். இடது காது கிட்டத்தட்டப் போய்விட்டது, வலது பாதி. தடித்த சத்தம் கேட்கும், மெல்லிய சத்தமும் பெண்கள் குரலும்தான் முதலில் போகும் என்றார் டாக்டர். காதில் வைக்கிற மெஷினுக்கு அளவெடுத்திருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் வரும், பழைய காது திரும்பாது என்பதையும் சொல்லிவிட்டார். பெயிண்டரை வைத்து இன்ஜினை மாட்டி முடித்து, வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அந்த டியூபைத் திரும்ப எடுத்தேன். பின்பக்கத்துக் கார்புரேட்டரைக் கேட்க, குனிந்து நிற்கிற வாகில் எப்போதும் இடது காதைத்தான் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உடம்பை வளைத்து வலது காதை வைத்தேன். சீறியது. முன்பக்கம் மாதிரியே, அச்சு அசலாக. ஆறு மாசமாக அது ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, அம்மா விரல் போயிருக்கவே வேண்டாம். டியூபைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அறையைச் சொல்ல மறந்துவிட்டேன். இத்தனை நாள் உன் கட்டில்மேல் வண்டியின் கண்ணாடியும், அலமாரியில் போல்ட் டப்பாக்களும்தான் குடியிருந்தன. முந்தாநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தரையில் இருந்த எண்ணெய்க் கறையை மண்டிபோட்டுத் தேய்த்தேன். ஜன்னல் பக்கம் ஒரு கறை போகவில்லை, அதன்மேல் மிதியடி போட்டிருக்கிறேன், தூக்கிப் பார்க்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால், வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அங்கே வேலையை முடித்துக்கொண்டு வருகிறாயோ, லீவு போட்டு வருகிறாயோ, அது உன் இஷ்டம். முக்கியமான காகிதங்களைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். பட்டினியாகப் பிரயாணம் செய்யாதே. வண்டியை இனி நான் ஓட்டப் போவதில்லை, பின்னால் வருபவன் ஹாரன் கேட்காதவன் ரோட்டுக்குப் போகக் கூடாது. நீ ஓட்டு, அம்மா வர மனசு வைத்தால் பக்கத்தில் உட்காரட்டும், சீட்டு இரண்டும் சரியாகப் போய்விட்டது.

இந்தத் தாளை அம்மா போட்டோ எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், தாளும் பின்னால் தபாலில் வரும். நீ கேட்டதற்கு நாலு மாசம் தாமதமாகப் பதில் சொல்கிறேன், வா. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் மனசு ஆற வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கைக்குப் பயிற்சி கொடுக்க அம்மா காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் நீ வந்தால் காலிங்பெல்லை அடித்துவிட்டு, அப்பா திறக்கவில்லையே என்று வெளியே நிற்காதே. எனக்குக் கேட்காது. சாவி பழையபடி மீட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன்மேல் கோபமே இல்லாத
அப்பா