ஏழடி ஓஸ்

திருவண்ணாமலை,
12.1.1987

அன்புள்ள தருமனுக்கு,

செங்கம் ரோடு பஞ்சர் கடை சாந்த் பாஷா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பம்பாய்க் கடலில் இறங்குகிற நீ ஒவ்வொரு முறையும் சுகமாக ஏறி வர வேண்டும் என்று தொழுகையில் துவா கேட்கிறேன். என் வீட்டுக்காரி முன்னி பேகத்துக்கு இது எட்டாம் மாதம். கால் வீக்கம் கொஞ்சம் கம்மி.

உன் கடிதத்தைப் படித்தபோது நீ எதிரில் இருந்திருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். இருபத்தைந்தாம் தேதி மூழ்கிய கப்பலுக்குள் ஜோடியாக இறங்கப் போகிறீர்கள். காற்று சிலிண்டரில் மூச்சு விட எத்தனை ஓஸ் மாட்டுவது என்பதை உங்கள் இஷ்டத்துக்கே விட்டிருக்கிறார்கள். நீ உன் வாய்க்கு ஒன்று போதும் என்று சொல்லிவிட்டாய். ஜாஸ்தி இருந்தால் சிக்கும் என்பது மேஸ்திரிக்குச் சொன்ன சாக்கு. எனக்கு எழுதியது வேறு: "எவனும் என்ன நம்பி எறங்கக் கூடாது பாய். நான் குடுக்கறவன் இல்லன்னு சடையன் விஷயத்துலயே தெரிஞ்சிபோச்சு. வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, மொழம் என்ன."

அந்தப் பழமொழி பொய், தருமா. அன்றைக்குச் சாணும் முழமும்தான் சடையனைக் கொன்றது.

இராமலிங்கம் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க நீங்கள் இருவரும் இறங்கினீர்கள். என் கம்ப்ரஸர், என் ஓஸ், இரண்டு பேருக்கும் மாறி மாறி ஒரே மூச்சு. எப்போதும் ஓஸில் கல்லைக் கட்டி இறக்கி, ஆழம் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவீர்கள். அன்றைக்கு நான், "ஓஸ் அறுவதடி இருக்குதுப்பா, எறங்குங்க" என்றேன். என் வார்த்தையை நம்பிக் கல் கட்டவில்லை. அதற்கு முந்தின வாரம் கடைத் தொட்டிக்குத் தண்ணீர் விட நானே அதில் பன்னிரண்டடி அறுத்திருந்தேன். மேலே என் கையில் ஓஸ் விறைத்தபோதுதான் நினைவு வந்தது. இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தது, சடையன் மோட்டாருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மூலைப் பக்கமாக. வாயில் கவ்விக்கொண்டிருப்பவன் அப்படி இழுக்க மாட்டான். நீ நீட்டினாய். எட்டவில்லை.

கலங்கல் தண்ணீரில் நீட்டினோமா இல்லையா என்பது உனக்கே தெரியவில்லை. நீ கொடுக்கவில்லை என்று ஊர் சொன்னதை நம்பி ஊரைவிட்டே போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

நேற்று கீழ்பென்னாத்தூர் போய்ச் சடையன் பெண்சாதி உண்ணாமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. "ரெண்டு வருஷமா அவரு பேரக் கேட்டாலே காறித் துப்பிக்கினு இருந்தேனே பாய். மொதல்ல அவருக்கு எழுதுங்க. உங்ககிட்ட நான் அப்பறம் பேசறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வருவான். தண்ணீர் நிறைந்த குகைக்குள் முங்குகிறவனாம். உன் கடிதத்தைச் சொல்லிக் கேட்டேன். மூச்சு முட்டுகிறவன் உதிரி வாய்க்குமிழைத் தேட மாட்டான், உன் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவான் என்றான். அதனால் வாயில் இருப்பதற்கு ஏழடி ஓஸ் போட்டு உடம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு வாய்க்குமிழைக் குட்டை ஓஸில் மாட்டி, கழுத்தில் ரப்பர் வளையம் போட்டுத் தாடைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். நீளத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு நீ குட்டையைக் கவ்விக்கொள். குறுகலான வழியில் முன்னும் பின்னுமாக நீந்தி வெளியே வந்துவிடலாமாம்.

கடிதம் கிடைக்கும்வரை இறங்காதே என்று தந்தியும் கொடுத்திருக்கிறேன். ஓஸை நீயே அடி வைத்து அள. என்னைப் போல ஒருவன் சொல்வதை நம்பாதே.

எனக்கு நீ இனிமேல் எழுதாவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. இருபத்தைந்தாம் தேதி இரண்டு பேரும் மேலே ஏறியதும், ஏறிவிட்டோம் என்று உண்ணாமலைக்கு ஒரு வரி எழுதிப் போடு. அல்லா உன் கூடவே இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் மன்னிப்பைக் கேட்கவும் துணியாத
சாந்த் பாஷா