புகை உள்ளே போகிற பெட்டி

அன்புள்ள ஆல்பர்ட் அண்ணா,

முதலில் என் கண்ணில் பட்டது புகைதான். உன் ஆன்மாவுக்காகப் பூசை வைத்துவிட்டு மாதா கோயிலிலிருந்து வந்ததும், நீ கடைசியாகச் செய்த கம்ப்யூட்டர் கேபினட் மேல் அம்மா ஜெபமாலையைப் போட்டு, பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். "அத போட்டு வுடுடி. லைட்டு எரிஞ்சா அவன் இருக்கற மாதிரி இருக்கும்" என்றாள். போட்டேன். ஜெபம் முடிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தபோது புகை மேலே போகவில்லை. வளைந்து, பெட்டியின் உச்சியில் நீ வெட்டிய வட்டத்துக்குள் இறங்கியது.

மேல் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறாய், அண்ணா. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டியது, வெளிக்காற்றை உள்ளே அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். ஃபேனின் அழகான பக்கம் வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். கேபினட் செய்கிறவர்கள் படம் போடும் இன்டர்நெட் குரூப்பில் இதே தப்பை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்? நீ அரத்தால் தகட்டை ராவிக்கொண்டே சொல்வாய், நான் போனில் டைப் அடிப்பேன். "தம்பி, ஃபேனு இன்னா பொண்ணு பாக்கவா வந்துருக்குது? திருப்பி மாட்டு."

பத்தாவதோடு நின்று வீட்டில் கிடந்த எனக்கு, முகம் தெரியாதவர்கள் வெட்டி ஒட்டிய கேபினட்டுகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது பிடித்துப்போனது. பாதி நான் கண்டுபிடித்தவை. எழுதியது எல்லாம் உன் பெயரில்.

போன ஞாயிறு விழுப்புரத்தில் ரஃபீக் அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், உன்னைப்போல கேபினட் செய்யும் உன் சிநேகிதர்கள் கூடினார்கள். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். திண்டிவனத்தில் பஸ் ஏறி, நானும் அம்மாவும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டோம். "இன்னாம்மா, பொட்டில கோழியா?" என்றார் கண்டக்டர். அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஓட்டை ஓட்டையாக வெட்டி வைத்தால் வேறென்ன கேட்பார்?

கேபினட்டை மேசையில் வைத்தால் ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும், வெறுமனே 'சூப்பர்' என்பவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம்தானே? அன்றைக்கு எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

"இத இப்டியே கண்ணாடிக்குள்ள வச்சி கடைல வச்சிடலாம்மா. யாரும் கை வைக்க வேணாம்" என்றார் ரஃபீக் அண்ணன். அம்மா தலையாட்டினாள்.

பெட்டியின் பக்கவாட்டுக் கதவு இன்னும் மாட்டவில்லை. ஒரு மூலையில் பெயின்டே இல்லை. காமாலை வந்து நீ பாதியில் விட்ட வேலையை, பாதியிலேயே பூட்டி வைப்பார்களா? வெளியாள் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன், உனக்குத் தெரியும். எப்படியோ வந்துவிட்டது.

"அப்ப டீ யாருண்ணா வாங்கறது?"

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ரஃபீக் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "குறை இன்னா, சொல்லும்மா."

பெட்டியை ஆன் செய்தேன். மேசைக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த கொசுவத்தியை எடுத்து மேலே பிடித்தேன். புகை உள்ளே இறங்கியது.

"டேய் ஆல்பர்ட்டு," என்றார் அவர், நீ அங்கேயே நிற்பதுபோல. "ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சியேடா." சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கட்டும்டி. அவன் கை பட்டது."

"உன் பொட்டிய வெட்டிட்டான்னு நீ எவ்ளோ பேஜாரு பண்ண? முடிச்சி காட்டறேன்மான்னுதான சொன்னான். முடிக்க வேணாமா?" என்றேன்.

அம்மா மேசைப் பக்கம் வந்தாள். அங்கேயும் பெட்டி மேல் போட்டிருந்த ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். ரஃபீக் அண்ணன் டீ சொன்னார்.

பெட்டி எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது, அண்ணா. கதவை நான் மாட்டுவேன். மூலைக்குப் பெயின்ட் அடிப்பேன். முடித்து அதே மேசையில் வைப்பேன், ஆளுக்கொரு குறை சொல்லட்டும். மற்றவர்களின் கேபினட்டுக்கு இனி என் பெயரிலேயே எழுதுவேன். கோபித்துக்கொள்வாயா?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து உன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மேல் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். பெட்டியை ஆன் செய்து, மெழுகுவத்தியை ஏற்றி, ஊதி அணைத்தேன். புகை மேலே போனது.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா