எடை பார்த்த பிறகு பிரிக்கவும்

தாராவி,
வியாழன் சாயங்காலம்.

அன்புள்ள ஸ்டெர்லினுக்கு,

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஏழு கிலோ இறக்கி, கடைசி ஒரு நாள் தண்ணீரும் தொடாமல் தராசில் ஏறி இறங்கியவனிடம் கேட்டால் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் எனக்கு வேண்டாம்.

உறைமேல் எழுதியிருப்பதை மதித்திருப்பாய் என்று நம்புகிறேன். அறுபத்தொன்று புள்ளி இரண்டு கிலோ காட்டிவிட்டு இறங்கியிருப்பாய். கூண்டுக்குள் சண்டை நாளைக்குத்தான். உன் கோச் ராஹில் பாயின் பையில் நீலமூடிப் பாட்டில் ஒன்று இருக்கும். உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். திற. இரண்டு வாய் மட்டும். பிறகு படி.

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஞாயிறு பள்ளியில் கற்றதோடு சரி. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். போன தடவை அந்த ஓட்டல் வராந்தாவில் இரண்டு பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து அத்தனையையும் வாந்தி எடுத்தாயாமே. இந்தத் தடவை நீ படிக்கிற வேகத்தில்தான் தண்ணீர் உள்ளே போக வேண்டும். அதற்காகவே நீளமாக எழுதப்போகிறேன். தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணம், உன் பெங்களூர் முகாமில் வேறு யாராலும் இதைப் படிக்க முடியாது.

முதலில் ஊர்ச் செய்தி. இடித்துக் கட்டுவதற்காக ஒவ்வொரு கோலி வீட்டையும் அளந்து, கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் நம்பரை அப்பா மறுநாளே மாவுக்கையால் அழித்துவிட்டார். தெரிந்து செய்ததா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. மாதுங்கா லைனுக்கு இன்னும் சைக்கிளில்தான் இட்லி கொண்டுபோகிறார். நான் காலையில் அடுப்பு வேலை முடித்து, குளித்து, ஒன்பது மணிக்குக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். அங்கேயும் என்மேல் உளுந்து வாசனை வருவதாக என் தோழி சாதியா சொல்கிறாள்.

உன் அம்மா ஏஞ்சல் அத்தை நலம். தினமும் ஒரு தடவை எங்கள் கதவில் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். நீ பட்டினி கிடக்கிற நாளில் அவர்களுக்கும் சோறு இறங்குவதில்லை. முன்னெல்லாம் உன்னை எங்கள் கோலிக்குள் விட்டுவிட்டு, "எம்புள்ளைய அவிக்கியளே, பதம் பாத்து எடுத்துருவியளா?" என்று கேட்பார்களே. அப்பா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "வெரல நனைச்சு குத்திப் பாப்பம் அக்கா, ஒட்டாம வந்தா எடுத்துருவம்" என்பார். இப்போது அத்தை அதைக் கேட்பதில்லை. உள்ளே எட்டி, நீ உட்காருகிற மூலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இங்கே நிறுத்து. இரண்டு வாய்.

அந்த மூலை அப்படியே இருக்கிறது. பெரிய ஜிம்களில் நீராவி அறை இருக்குமாம். உங்கள் ஜிம்மில் இருந்தது ஒரு ஃபேன், அதுவும் ஓடாது. அதனால்தான் எங்கள் கோலிக்கு வந்தாய். நாலு கொப்பரை ஒன்றாகக் கொதிக்க, ஜன்னல் இல்லாத பத்தடி அறையில், ரெயின்கோட்டுக்குமேல் ரெயின்கோட்டாக மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாய். ஒரு ஈடு இட்லி வேக பன்னிரண்டு நிமிஷம். மூன்று ஈடு உள்ளே, ஒரு ஈடு வெளியே. ராஹில் பாய் வகுத்த கணக்கு அது. மூன்றுக்குமேல் ஒரு நிமிஷம்கூடக் கூடாது என்பார். நீ ஒரு பாட்டிலில் எச்சிலைத் துப்பித் துப்பி அதையும் எடையில் கழிப்பாய். நான் கொப்பரை மூடியைத் திறக்கும்போதெல்லாம், "ஏ பிள்ள, ஒரு இட்லிய மூஞ்சிக்கு நேரா பிடி. மோந்து பாத்துக்கிடுதேன், மோந்தா வெயிட் ஏறாது" என்பாய். ஆறு சண்டைக்கு ஆறு காலை. ஆயிரக்கணக்கான இட்லிக்கு நடுவில் உட்கார்ந்தும் ஒன்றைக்கூடத் தின்னாதவன் தாராவியில் நீ ஒருவன்தான்.

உன்னைப் பேசவைப்பது என் வேலை. பேச்சு குழறினால் வெளியே இழுக்க வேண்டும். என்ன கேட்பது என்று தெரியாமல் ஹார்பர் லைன் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லச் சொல்வேன். ஜி.டி.பி. நகர், சுனாபட்டி, குர்லா, திலக் நகர், செம்பூர். திலக் நகர் வந்ததும் நீ கொஞ்சம் நிறுத்துவாய். அங்கே ஒரு மத்தியானம் ரயிலை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோமே. நான் வடாபாவ் தின்ன, நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். எதிரே இருந்த கட்டடங்களைக் காட்டி, "இங்கன வீடு எடுத்தா ஜன்னல் இருக்கும் பிள்ள. நீ இட்லி அவிச்சா ஆவி வெளிய போயிரும்" என்றாய். ரயில் வந்துவிட்டது என்று எழுந்தேன். அது நாம் ஏற வேண்டிய வாஷி வண்டியே இல்லை.

இப்போது அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். நீயும் நானும் பேசாமல் விட்ட நாள். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துக்கொள்.

ஜூலை மாதம். மூன்று ஈடு முடிந்து வெளியே வந்து எடை பார்த்தாய். இன்னும் அரைக்கிலோ நின்றது. ராஹில் பாய் வண்டி பிடிக்கப் போயிருந்தார். "இன்னும் ஒரே ஈடு, காலிபீலி சும்மா டென்ஷன் எடுக்காத" என்று சொல்லி மறுபடி உள்ளே போனாய். நான் தடுக்கவில்லை. நாலாவது ஈடு பாதியில் ஸ்டேஷன் கேட்டேன். சுனாபட்டி, குர்லா என்றாய். பிறகு குர்லா. பிறகு மறுபடியும் குர்லா. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. திலக் நகர் சொல்லு ஸ்டெர்லின் என்று நான் கெஞ்சினேன். உனக்கு அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியவில்லை.

குடத்தில் டம்ளரை விட்டேன். தலையைப் பிடித்துக் கொடுத்தேன். முழுவதும் குடித்தாய்.

அப்புறம் நடந்தது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். தராசு அறுபத்தொன்று புள்ளி நான்கு காட்டியது. இருநூறு கிராம் அதிகம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். கயிறு தாண்டினாய், ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. எதிராளி மறுத்துவிட்டான். ஆறு மாத உழைப்பு அந்த வராந்தாவிலேயே முடிந்தது. எங்கள் வீட்டு டம்ளரை அன்று சாயங்காலம் நூலகத்துத் தபால் தராசில் நிறுத்திப் பார்த்தேன், முதலில் காலியாக, பிறகு நிரப்பி. சரியாக இருநூறு கிராம்.

அடுத்த வாரம் நீ பெங்களூர் போனாய். எட்டு மாதமாக என் எல்லாச் செய்திக்கும் உன்னிடமிருந்து வந்தது ஒரு கட்டைவிரல் படம். உன் பிறந்தநாளுக்கு மட்டும் கைகூப்பிய படம். அந்த டம்ளரை நீ மன்னிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ராஹில் பாய் வந்தார். உன் மூலையில் உன் பக்கம் நிற்க வெள்ளிக் காலை விமானம் ஏறுவதாகவும் ஏதாவது கொடுப்பதானால் கொடு என்றும் சொன்னார். பேச்சோடு பேச்சாக, பைத்தியக்காரன், ஜூலையில் ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே எழுந்துபோய்க் குடத்தில் மொண்டு குடித்துவிட்டான், இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை என்று சிரித்தார். யார் சொன்னது என்று கேட்டேன். அவனேதான், நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கத்தியபோது அவன் வாயாலேயே சொன்னான் என்றார்.

நான் கொப்பரை மூடியைத் திறந்து முகத்தை அதற்குள் நீட்டிக்கொண்டேன். வெந்துவிட்டதா பார்க்கிற மாதிரி.

ஸ்டெர்லின், நிற்க உனக்குத் தெம்பில்லாத நேரத்தில் எப்படி அந்தப் பொய்யைச் சொல்லத் தோன்றியது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் ஆறு மாதத்தைக் கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தண்ணீர் கொடுத்ததற்குக் கேட்க மாட்டேன். நாளைக்கே மறுபடி நீ திலக் நகரை மறந்தால் மறுபடி டம்ளரை எடுப்பேன். மூளையைச் சுற்றி இருக்கிற நீர், உடம்பு நிறைந்த பிறகும் மெதுவாகத்தான் நிறையும் என்று படித்தேன். அதற்குள் தலையில் விழுகிற அடி கனமாக விழுமாம். அறுபத்தைந்து கிலோ பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அதில் சண்டை போட்டால் என்ன? கேட்க எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

எடை இறக்குகிற வித்தையில் ஒன்று எனக்கு எப்போதும் உறுத்தும். கடைசி வாரத்தில் தினம் எட்டு லிட்டர் குடிப்பாய். உடம்பு அதற்குப் பழகும். பிறகு ஒரே நாளில் நிறுத்துவாய். நின்றது உடம்புக்குத் தெரியாது. பழக்கத்தில் அது தண்ணீரை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். எனக்கு எட்டு மாதமாக அப்படித்தான். நாலரை மணிக்குக் கொப்பரையை ஏற்றும்போது, ஸ்டூலுக்கு இடம் விட்டுத்தான் இன்னும் மாவுச் சட்டியை வைக்கிறேன்.

*

வெள்ளிக் காலை. ராஹில் பாய் வாசலில் ஹாரன் அடிக்கிறார். முதல் ஈட்டில் ஆறு இட்லி எடுத்து, வாழையிலையில் மடித்து டப்பாவில் வைத்திருக்கிறேன். மிளகாய்ப்பொடி வைக்கவில்லை. அவரிடம் கேட்காதே, அவரிடமும் இல்லை. பாட்டில் பாதியாகிவிட்டதா? அரை மணி கழித்து இரண்டு இட்லி தின்னு. மோந்து பார்த்தது போதும்.

ஏஞ்சல் அத்தை உனக்காக ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எங்கள் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வரவில்லை. நீ எல்லா நினைவோடும் வெளியே வந்தால் போதும் என்றேன்.

சண்டை முடிந்து போனைக் கையில் கொடுத்ததும் என்னைக் கூப்பிடு. படம் அனுப்பாதே. ஜெயித்தாயா தோற்றாயா என்றும் சொல்ல வேண்டாம், அதை எல்லோரும் சொல்வார்கள். ஜி.டி.பி. நகரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வா. குர்லா தாண்டியதும் கொஞ்சம் நிறுத்து. இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
மாரீஸ்வரி