கடைசி எழுத்து மாறவில்லை

அன்பு மகள் யோன்சிம்முக்கு, அப்பா வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு மருமகள் லியென் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், டொரான்டோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால்தான் மடங்கவில்லை, அப்படியும் இந்த வருஷக் கிம்ச்சி ஊறுகாயைப் போட்டு முடித்துவிட்டாள், உப்புதான் கொஞ்சம் தூக்கல், அவளிடம் சொல்லிவிடாதே. லியென் வியட்நாமிலிருந்து வந்து நாலே வருஷத்தில் நம் கொரிய எழுத்தைப் பிடித்துக்கொண்டாள், எனக்கு இந்த வயதுவரை அது வசப்படவில்லை.

நாய்க் காப்பகம் என்ன ஆச்சு என்று கேட்டாய். கோடையில் உன்னோடு படித்த மருந்துக்கடை மிரானும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கி, யாரும் கேட்டு வராமல் கெடு முடிந்த நாய்களை ஊசி போட்டுக் கொல்லக் கூடாது என்று மனுவில் ஆளுக்கொரு பெயர் முத்திரை வாங்கினோம். அரிசி ஆலைக்காரன் நாலு பேர் முன்னால், "ஏன் பெரியவரே, நாய்க்கறி சூப்புக்கு மொத ஆளா வந்து குந்துன வாயாச்சே இது" என்று கேட்டான். "ஆமாடா, தின்னவனுக்குத்தான் அது கத்துனது காதுல நிக்கும், நீ முத்திரையக் குத்து" என்றேன், குத்தினான். அதிகாரிகளும் இறங்கி வந்தார்கள். ஊசி நின்றது, கூடவே, இனி இவருக்கு இங்கே என்ன வேலை என்று மருத்துவரையும் நிறுத்திவிட்டார்கள். கூண்டு ஒன்றுகூடக் கூடவில்லை, நாய்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன, ஒன்றை ஒன்று கடித்துக் குதறுகின்றன, தண்ணீர்ச் சட்டி உறைந்து கிடக்கிறது. அடிப்பிடித்த சோற்றின் நிறத்தில் ஒரு கிழட்டு நாய், என்னைக் கண்டால் கம்பிமேல் ஏறி நிற்கும், அதன் காதை மற்ற நாய்கள் கடித்ததில் சீழ் வைத்து, அணு அணுவாகச் செத்தது. வாசல் பலகையில் ஒவ்வொரு நாயின் படத்துக்கும் கீழே அது என்ன ஆனது என்று எழுதுவார்கள். நம் எழுத்தில் முன்பும் மூன்று எழுத்து, இப்போதும் மூன்று எழுத்து, முதல் இரண்டுதான் வேறே, கடைசி அதேதான் என்று என் கண்ணுக்கே தெரிந்தது. லியென்னைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொன்னேன். "மின்ன நோகாத சாவுன்னு இருந்துச்சு தாத்தா, இப்ப இயற்கைச் சாவுன்னு போட்டிருக்கு, கடைசி எழுத்து சாவுதான்" என்றாள்.

மிரானிடம் போய், நாய்களுக்குக் குளிர் காய அடுப்பும் மருத்துவரும் கேட்டு இன்னொரு மனு போடுவோம் என்றேன். "பெரியப்பா, நாம கொல்லலையே, அதுவா செத்துச்சு. இப்ப வாயத் தொறந்தா திரும்பவும் ஊசியக் கொண்டாருவாங்க. ஊசிய நிறுத்துனதுக்கு நமக்கு நடத்துற பாராட்டு விழா முடியட்டும், வசந்தத்துல பாப்போம்" என்கிறாள். அவள் கெட்டவள் இல்லை, அதுதான் எரிகிறது. அவள் பயம் பொய்யுமில்லை. ஆனால் வசந்தம்வரை எது மிஞ்சும்? ஊசியாவது ஒரு நொடியில் முடித்தது, நாங்கள் இரக்கப்பட்டு அதை மாசக்கணக்கில் இழுத்துவிட்டோம். விழா மேடையில் எனக்கும் நாற்காலி போடுகிறார்களாம், நான் போகப்போவதில்லை. தனியாகப் போய் மனுவை நீட்டினால், "அதான் யாரும் கொல்றதில்லையே" என்று கதவைச் சாத்துகிறார்கள்.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள், பனியில் பார்த்து நட. மறக்காமல் மிரானுக்கு ஒரு போன் போடு, என் பேச்சு எடுபடவில்லை, நீ கேட்டால் காது கொடுப்பாள். வாழ்த்து மட்டும் சொல்லிவிடாதே. இந்த வாரம் எத்தனை நாய் செத்தது என்று கேள், அவள் வாயால் சொல்லும்வரை போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா (கையெழுத்துக்குப் பதில் முத்திரை)