படுத்திருப்பவருக்குப் பருக்கமாட்டேன்

மடவளை
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் இன்றைய விடியலைக் கண்டோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகத்தோடு எழும்பியிருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் பேசினால் ஹோலில் கட்டிலில் இருக்கும் வாப்பாவுக்கு எல்லாம் கேட்கும். பேச்சு இழந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி யாரோ எவரோ போலப் பேசக்கூடாது என்று நீதானே சொன்னாய். அதனால் குசினியில் கதிரையைப் போட்டு எழுதுகிறேன், எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்றால்தான் தபாலில் சேர்ப்பேன்.

ஊரெல்லாம் இப்போது ஒரே கதைதான், ரபீகா, உன் உம்மாதான், புருஷனைப் பட்டினி போடுகிறாளாம். வேறு வாயால் நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். பாரிசவாதம் அடித்த வாப்பாவை வார்டிலிருந்து கூட்டிவந்து இன்றைக்கு இருபத்துமூன்று நாள். வலது கை கால் இன்னும் வரவில்லை, பேச்சும் இல்லை, ஆனால் நாம் சொல்வது எல்லாம் நன்றாக விளங்குகிறது. விழுங்குவதுதான் மெதுவாகிவிட்டது. வீட்டுக்கு விடும்போது வார்டு நேர்ஸ் என்னையே ஊட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். நேராக இருக்கவைக்க வேண்டும், தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப்பக்கம் இறக்க வேண்டும், பாதிக் கரண்டி, அது இறங்கின பிறகுதான் அடுத்தது, தொண்டை கரகரத்தால் நிறுத்த வேண்டும், சாப்பிட்டு அரைமணி நேரம் சாய்க்கக்கூடாது, அடுத்த கிளினிக் வரைக்கும் தண்ணீரோ தேத்தண்ணீரோ அவர்கள் தந்த தூள் கலந்து கட்டியாக்காமல் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது. தவறினால் அது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று நேர்ஸ் படிப்புப் படிக்கிற நீயும் அன்றைக்கே காரணம் சொன்னாய். காரணம் தெரிந்ததால்தான் என்னால் நிற்க முடிந்தது மகள், வெறும் கட்டளை என்றால் உன் மாமியின் முதல் சத்தத்திலேயே விட்டுக்கொடுத்திருப்பேன்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, ஜும்ஆ முடிந்த நேரம், வாப்பாவின் மூத்த சகோதரி றலியா மாமி, மக்காவின் ஸம்ஸம் தண்ணீரோடு தம்பியைப் பார்க்க வந்தார். நான் பின்பக்கம் படுக்கை விரிப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், வாப்பா மல்லாக்கப் படுத்திருக்கிறார், மாமி கிளாசை அவர் வாயில் சரிக்கிறார், அவருடைய முகம் சிவந்து கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. கிளாசைப் பறித்தேன், ஓம், பறித்தேன்தான், அதை மறைக்கவில்லை. அவரைத் தூக்கி முன்னால் சாய்த்துப் பிடித்தேன், இருமி இருமித்தான் மூச்சு சரியானது. சொந்தத் தம்பிக்கு ஒரு மொடக்குத் தண்ணி குடுக்க எனக்கு ஏலாதா, தவிக்க வச்சே கொல்லப் போறியா என்று மாமி சத்தம் போட்டார். இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்து முப்பத்தொரு வருஷத்தில் நான் அவரை எதிர்த்து வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். படுத்தீக்கிறவருக்குப் பருக்க உடமாட்டேன், நீங்க இல்ல, ஆரு வந்தாலும் உடமாட்டேன் என்றேன். ஸம்ஸம் தண்ணீரைத் தூள் கலந்து கட்டியாக்கி, அவரை இருக்கவைத்து நானே கரண்டியால் கொடுத்தேன், பரக்கத்து அதில் குறைந்துபோகாது என்றும் சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்கவே இல்லை.

இரண்டு நாளில் தன் மகன் ஸாகியையும் வேனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார், வாப்பாவை அக்குறணைக்குக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பாராம். கேற்றடியில் பக்கத்து வீட்டுச் சனம். நான் கட்டிலடியில் நின்றுகொண்டு, கொண்டுபோறதும் வைக்கிறதும் அவரைக் கேட்டுத்தான் என்றேன். பேச்சே இல்லாத மனுசன்ட்ட என்னத்தக் கேக்கிற என்று ஸாகி சிரித்தான். நீ சொல்லித்தந்தபடி இடது கையால் ஒரு தரம் அழுத்தினால் ஆம், இரண்டு தரம் என்றால் இல்லை என்று நாங்கள் இருவரும் பழகியிருக்கிறோம் அல்லவா, அதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, நான் தொட்டால் நான்தான் அழுத்தினேன் என்பார்கள் என்று மாமியின் கையையே அவருடைய இடது கையில் பிடிக்கவைத்தேன். மாமியைக் காட்டி, ஒங்கட தாத்தா வூட்டுக்குப் போக ஆசையா என்று கேட்டேன். இரண்டு தரம். இங்கயே ஈக்கவா என்றேன். ஒரு தரம். மாமிக்கு நம்பிக்கை வரவில்லை, குனிந்து, தம்பி, இவ ஒனக்குப் பயங்காட்டி வச்சீக்கிறாளா என்று தானே கேட்டார். வாப்பா இரண்டு தரம் அழுத்திவிட்டு அவருடைய கையை விடவே இல்லை. மாமி அழுதுவிட்டார். அழுதாலும் கோபம் போகவில்லை, தேத்தண்ணீர் குடிக்காமலே வேனில் ஏறிப் போய்விட்டார், அதற்குப் பிறகு வரவும் இல்லை. வராவிட்டால் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரட்டும், கையைக் கழுவிவிட்டு வரட்டும்.

என் பிழையையும் கேள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டினேன், முதுகையும் இடுப்பையும் ஒவ்வொரு நாளும் பார்த்தேன், ஆனால் குளிர் என்று காலுக்கு மேசு போட்டுவிட்டு, அதைக் கழற்றி வலது குதிக்காலைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை கழற்றினால் ஒரு ரூபாய்க் குத்திக்காசு அளவு கொப்புளம். இந்தப் பெருமைக்காரி செய்த வேலையைப் பார் என்று ஊர் சொல்லுமே என்று ஒரு நிமிஷம் மூடிவைக்கத் தோன்றியது. மூடவில்லை. வியாழக்கிழமை கிளினிக்கில் நானே காட்டி, என் கவனக்குறைவு, எழுதுங்கள் என்றேன். அங்கிருந்த நேர்ஸ் எழுதிவிட்டு, குதிக்கால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கக் காட்டித்தந்தாள். டொக்டர் நெஞ்சைப் பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்றார். விழுங்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இனிக் கரண்டியால் சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து, நேராக இருந்து, பத்துக் கரண்டி பிளேன்டீ குடித்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்தது எங்கே என்று என்னைப் பார்த்தார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது உன் கதை. படிப்பை நிறுத்திவிட்டு வரவா என்று கேட்டிருந்தாய். வரவேண்டாம். கடைசி வருஷத்தை முடி. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, லீவு கிடைத்தால் மகளாக வா, எங்களுக்கு வேலைக்காரியாக வராதே. நீ இந்தப் படிப்புக்குப் போன நாளில் ஹஜ்ஜு செஞ்ச ஆஜியார்ட பேத்தி அசிங்கம் அள்ளப் போறாவாம் என்று சிரித்தவர்கள் வேன் வந்த அன்றைக்குக் கேற்றடியிலும் நின்றார்கள். அவர்களுக்கு நான் சொன்னதை நீயும் தெரிந்துகொள். ஓம், அள்ளுவா, கதவைச் சாத்தி, ஆளை மூடி, மனுசனை மனுசனா மதிச்சு அள்ளுவா, என்ட புருஷனுக்கு நானும் அப்படித்தான் அள்ளுறேன், கூச்சமில்லை என்றேன். நேற்று அவர்களில் ஒருத்தி, பஸ்லினா, தன் மாமியாரை எப்படிப் புரட்டுவது என்று கேட்டுப் பின்கதவால் வந்தாள். முன்கதவால் வரச்சொல்லிவிட்டுக் காட்டிக்கொடுத்தேன்.

அல்லாஹ் உன் கைக்கு நோய் தீர்க்கும் ஷிபாவையும் நாவுக்குத் துணிவையும் தரட்டும், நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒன்றை மறக்காதே, வார்டில் ஆள் குறைவு என்று நோயாளியைத் தனியாகத் தூக்காதே. யார் சொன்னாலும் மறுத்து, இன்னொரு ஆள் வரும்வரை நில். உன் முதுகு முறிந்தால் உன் நோயாளிகளும் அல்லவா விழுவார்கள்.

துஆவுடன்,
உன் உம்மா
ரபீகா அஸீம்