கோழிமுற்றத்து வைக்கோல் குறித்துத் தங்கைக்கு அரசி விடுத்த ஓலை

மழை பிழையாது பெய்க. நிலம் சலியாது விளைக. ஏழு குன்றுக்கும் அவற்றின் சுனைகளுக்கும் உரியவளாய்க் கருநாவல் நாட்டை ஆளும் பெருங்கொற்றி மாதேவி, இரு பேராற்றின் கரை காத்துச் செங்கழனி நாட்டை ஆளும் எம் உடன்பிறந்த இளையாள் நறுவல்லி தேவிக்கு விடுத்த ஓலை. நும் கோட்டை உறுதி பெறுக. நும் குடிகள் நோயின்றி வாழ்க. நும் அவையோர் அனைவரும் நலம் எய்துக.

இனி நும்மை நீ என்றே அழைப்போம். சொல்லப்போவது அரசிக்கு அரசி சொல்லும் செய்தியன்று. தங்கைக்கு அக்கை சொல்லுவது.

இருபது நாளுக்கு முன் எம் முத்திரையோடு உன் அவைக்கு விடுத்த ஓலையில், நீ எமக்கு அனுப்பிய கோழிகள் நோயுற்றவை என்றும், அறிந்தே அனுப்பினாய் என்றும் எழுதியிருந்தோம். ஆடுதாண்டிக் கணவாயை அடைத்து, உன் நாட்டு வண்டிகளையும் திருப்பி விட்டோம். அந்த ஓலை பொய். நடந்ததை இப்போது சொல்கிறோம்.

மூன்றாண்டுக்கு முன் தை மாதத்தில் யாமும் எந்தையும் உன் அரண்மனைக்கு வந்தபோது, பின்கட்டிலுள்ள கோழிமுற்றத்தை நீ காட்டினாய். தரையெங்கும் பருமணலும், கூரைக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உமியும் விரித்திருந்தாய். ஐம்பது கோழிகள் கிளறிக்கொண்டிருந்த இடத்தில் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. வெறுங்காலோடு நடந்தோம், கால் நனையவில்லை. எந்தை எம் பக்கம் திரும்பி, நறுவல்லி தொட்டதெல்லாம் துலங்குகிறது என்றார். ஏழு குன்றையும் கள்வர் பயமின்றிக் காத்தவள் யாம்; எம்மை அவர் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் மறைந்த பின்னும் அச்சொல் எம்மை விட்டு மறையவில்லை.

சென்ற ஆவணியில் எம் நகரில் குளிர்காய்ச்சல் பரவியது. ஆதுலர் சாலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் படுத்திருந்தனர். காய்ச்சல் விட்டு எழுவோர்க்கு நாளும் முட்டை வேண்டும் என்றார் மருத்துவர். செய்தி கேட்ட நீ, யாம் கேளாமலே அறுபது கோழிகளைக் கூண்டு வண்டியில் அனுப்பினாய். அவற்றோடு ஓர் ஓலையும் அனுப்பினாய். மழைக்காலத்தில் வைக்கோல் விரிக்க வேண்டாம், அது நீரைக் குடித்துப் படிந்து பூஞ்சணம் பூக்கும். மணலும் உமியும் போதும். நாள்தோறும் கிளறிவிட்டு, தண்ணீர்த் தாழியைச் சுற்றி நனைந்ததை மட்டும் அள்ளி எறிந்து புதியது இட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தாய்.

எமக்கு அந்த ஓலை கசந்தது. கோழி கொடுத்தாய், ஏற்றோம். கற்பிக்கவும் வேண்டுமோ என்று எண்ணினோம். உன் முற்றத்தினும் எம் முற்றம் அழகாயிருக்க வேண்டும் என்று, இவ்வாண்டு அறுத்த வைக்கோலைப் பொன்போல் முழங்கால் உயரத்துக்கு விரிக்க ஆணையிட்டோம். எம் முற்றத்துக் கோழிகளைப் பன்னிரண்டு ஆண்டாய்ப் பேணிவரும் உலகி என்னும் மலைநாட்டுப் பெண், இது ஆகாது என்று இருமுறை முறையிட்டாள். இரண்டாம் முறை, செங்கழனி நாட்டாள் போலப் பேசாதே என்று அடக்கினோம்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. வைக்கோல் பாய்போல் படிந்தது; அடியில் கறுத்து மேலே வெண்பூஞ்சணம் படர்ந்தது. கோழிகளின் கால் புண்ணாயிற்று, மூச்சு இரைந்தது. நாளுக்கு இரண்டு, மூன்று என இருபத்து மூன்று இறந்தன. முட்டை நின்றது. ஆதுலர் சாலையில் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தோர் மீண்டும் பாயில் விழுந்தனர். அவையோர் காரணம் கேட்டபோது உன் பெயரைச் சொன்னோம். சொல்லும்போது மகிழ்ந்தோம்; அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

பழி ஓலை புறப்பட்ட இரண்டாம் நாள் காலையில் உலகி எம்மை முற்றத்துக்கு அழைத்தாள். வைக்கோலில் ஒரு பிடி அள்ளி எம் கண்முன் பிழிந்தாள். விரல் இடுக்கில் கருநீர் ஒழுகியது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறோம்: "தேவி, நோவு தங்கச்சியம்மா நாட்டுல இருந்து வரல. நாம விரிச்ச இதுல இருந்துதான் வந்துச்சு. என்னக் கழுவுல ஏத்துனாலும் இதத்தான் சொல்லுவேன்."

யாம் அக்கணமே வைக்கோல் அள்ளும் வாரியை எடுத்தோம். இரண்டு நாளில் வைக்கோல் முழுதும் வெளியேறித் தோட்டத்துக் குழியில் எருவாகக் கிடந்தது. தரையை ஒரு பக்கம் சரித்து வடிகால் வெட்டினோம். சாரல் படாதபடி ஓலைக்கூரையை நீட்டினோம். ஆற்றுப் பருமணல் கொட்டி, கூரையின் கீழ் உமி பரப்பினோம். அள்ளிப் பிடித்தால் கையில் கட்டியாகாமல் உதிர வேண்டும் என்பது உலகியின் அளவு. காலைதோறும் யாமே பிடித்துப் பார்த்தோம். எஞ்சிய முப்பத்தேழும் பிழைத்தன. சென்ற கிழமை முதல் முட்டை ஆதுலர் சாலைக்குப் போகிறது.

உண்மை தெரிந்த அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பதினெட்டு நாள் எழுதவில்லை. எழுதினால் முற்றமும் உனது, முறையும் உனது, எமக்கு என்ன மிஞ்சும் என்று இருந்தோம்.

நேற்று உலகிக்கு வேண்டியதைக் கேள் என்றோம். அவள் பொன்னும் புடவையும் கேட்கவில்லை. உன் முற்றத்தை ஒருமுறை கண்ணால் காண வேண்டும், கணவாய் அடைத்திருப்பதால் போக வழியில்லை என்றாள். எம் அரண்மனையில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவளும் உன் வாசலையே நாடுகிறாள் என்று நெஞ்சு எரிந்தது. ஆயினும் அவள் கேட்டது நியாயம். அந்த நியாயத்தால் இந்த ஓலை எழுந்தது.

ஆகவே ஆணை. ஆடுதாண்டிக் கணவாய் இன்று முதல் திறந்தது; திருப்பிய வண்டிகளுக்கு எம் வீரரே வழித்துணையாக வருவர். முன்னை ஓலையை உன் அவையில் எரித்து, இதை அதே அவையில் உரக்கப் படிக்கச் செய்க. இதைக் கொண்டுவரும் உலகியை ஒரு திங்கள் வைத்துக்கொண்டு, நீ அறிந்த அனைத்தையும் காட்டி அனுப்புக. அவளுக்கு உன் நாடு பிடித்துப்போய்த் திரும்ப மறுத்தால் தடுக்காதே; எமக்கு மட்டும் தெரிவி. யாமே வந்து அவளைத் திரும்பக் கேட்போம். படையின்றி வருவோம்; எமக்கும் ஒரு பாய் விரித்து வை.

பொறாமை தீர்ந்தது என்று முடிக்கலாமா என ஓலைநாயகன் கேட்டான். தீரவில்லை, ஆதலால் அதை எழுத வேண்டாம் என்றோம்.

எம் சொற்படி எழுதினான் ஓலைநாயகன் அரட்டன் பொதியன். நாவற்கிளை முத்திரையை யாமே எம் கையால் இட்டோம். கார்த்திகை ஏழாம் நாள். இதில் கண்டவை இருநாட்டிலும் செல்லுக.